அடக்க விலையை மறைப்பது எப்படி?

திருப்பூர் வாசகர்: பனியன் கம்பெனியில் வேலை. ஆர்டர் விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் பெயர்க்குறி (டேக்) போட்டு இருக்கிறது. அடக்க விலை மட்டும் பையர் கண்ணில் படக்கூடாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் 'டிஸ்பிளே நன்' போட்டால் போதுங்களா?

போதாதுங்க. திரையில் காட்டாதே என்று பிரவுசருக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. கோப்பு முழுசாகத்தான் போகிறது. மூலத்தைத் திறந்தால் 'பீஸ் 92 ரூபாய்' என்று பளிச்சென்று தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். மறுநாளே பையர் விலையைக் குறைக்கச் சொல்லிப் போன் செய்தார். முதலாளி திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவுக்கு மாற்றித் தரும் எக்ஸ்எஸ்எல்டி கொண்டு, அடக்க விலை இருக்கும் உறுப்பை (எலிமென்ட்) நீக்கிவிட்டு, வெளிவரும் கோப்பை மட்டும் அனுப்புங்கள். மாற்றும் வேலை உங்கள் சர்வரிலேயே நடக்கட்டும். பையரின் பிரவுசரில் நடக்கவிட்டால் மூலக்கோப்பும் கூடவே போய்விடும்.

கோபி வாசகர்: எக்ஸ்எஸ்எல்டியில் அடக்க விலைக்கான டெம்ப்ளேட்டையே அழித்துவிட்டேன். ஆனாலும் எண் மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டு வருகிறதே?

எல்லோரும் இடறும் இடம் இது. எந்த உறுப்பை எப்படி வெளியிடுவது என்று சொல்வதுதான் டெம்ப்ளேட். டெம்ப்ளேட் இல்லாத உறுப்பு வந்தால், டேகை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே வெளியே தள்ளும் விதி எக்ஸ்எஸ்எல்டிக்குள்ளேயே இருக்கிறது. 1999-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இப்படித்தான். அதனால் டெம்ப்ளேட்டை அழிக்காதீர்கள். அந்த உறுப்பின் பெயரை டெம்ப்ளேட்டின் 'மேட்ச்' பகுதியில் கொடுத்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக வையுங்கள்.

அப்புறம், அடக்க விலையை உள்ளே வைத்திருக்கும் தாய் உறுப்பை, எழுத்தை மட்டும் எடுத்துத் தரும் 'வேல்யூ ஆஃப்' போட்டு எங்காவது எடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது டெம்ப்ளேட்டைக் கேட்பதே இல்லை. பிள்ளைகளின் எழுத்தையெல்லாம் சேர்த்து வாரிக்கொண்டு வரும்.

பவானி வாசகர்: ஜமக்காளப் பட்டியலில் படத்தை மறைத்தாலும் வெற்றிடம் தெரிகிறது.

'விசிபிலிட்டி ஹிட்டன்' போட்டிருப்பீர்கள். பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட் மாதிரி அது: ஆள் இல்லை, இடம் இருக்கும். இடமும் வேண்டாமென்றால் டிஸ்பிளே நன் போடுங்கள்.

ஈரோடு வாசகர்: மஞ்சள் ஏலப் பட்டியலை அச்செடுக்கும்போது மட்டும் விவசாயிகளின் போன் எண் வரக்கூடாது.

சிஎஸ்எஸ்ஸில், அச்சுக்கு மட்டும் பொருந்தும் 'மீடியா பிரிண்ட்' பகுதிக்குள் போன் எண் வரும் நெடுவரிசைக் கட்டங்களுக்கு டிஸ்பிளே நன் கொடுங்கள். தலைப்புக் கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். மறந்தால், விரலி மஞ்சளின் விலை போய்ப் போன் எண் தலைப்புக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும்.