சென்ட்ரேலியாவில் 1962இல் பற்றிய நிலக்கரித் தீயை ஏன் இன்னும் அணைக்க முடியவில்லை?

அணைக்கக்கூடிய காலத்தில் போதிய பணம் ஒதுக்கவில்லை. ஒதுக்க முன்வந்தபோது தீ கைமீறிவிட்டது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆந்த்ரசைட் நிலக்கரியை நம்பி வாழ்ந்த சிற்றூர் இது. 1962 மே மாதம், கைவிடப்பட்ட திறந்தவெளிச் சுரங்கக் குழியில் கொட்டியிருந்த குப்பையை எரித்தார்கள். சரியாக அடைக்காத ஒரு திறப்பு வழியாகத் தீ பழைய சுரங்கப் பாதைகளில் இறங்கியது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

தண்ணீர் ஊற்றினால் போதாதா? போதாது. நிலக்கரிப் படுகை சரிவானது, ஊற்றுவது கீழே ஓடிவிடும். சுற்றியுள்ள பாறை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காற்று பட்டால் கரி மறுபடி கனலும். கூரையைத் தாங்க வெட்டாமல் விட்ட கரித்தூண்களும் எரிவதால் மேல்மண் இறங்குகிறது, வெடிப்பு விழுகிறது, அதன் வழியே புதுக்காற்று உள்ளே போகிறது.

உருப்படியான வழி, தீக்கு வெகு முன்னால் ஆழமான அகழி வெட்டி கரியை முழுதாக அகற்றுவதுதான். இங்கே வெட்டிய இடத்தைத் தீ ஏற்கெனவே தாண்டியிருந்தது. தோண்டியது காற்றுக்கு வழிவிட்டதுதான் மிச்சம். துளையிட்டு, பொடித்த பாறையை நீரோடு செலுத்தி நிரப்பியும் பார்த்தார்கள். வெற்றிடம் பெரிது, பணம் சிறிது.

உண்மையான ஆபத்து, வீடுகளின் நிலவறைகளில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. 1981இல் ஒரு சிறுவனின் காலடியிலேயே நிலம் உள்வாங்கியது. நல்லவேளை, இழுத்துக் காப்பாற்றினார்கள். 1983இல் மக்களை இடம்பெயர்க்க 4.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. சுமார் ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 5 பேர்.