ஏழாம் செமஸ்டர், இரண்டு அரியர், 1.5 லட்சம் ரூபாய்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா. தம்பி மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டார், இரண்டு பாடம் அரியர் இருக்கிறது, பெரிய கார் கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 1.5 லட்சம் கேட்கிறார், நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். ஒழுங்கான எந்த நிறுவனமும் வேலை தருவதற்குப் பணம் வாங்குவதில்லை. முன்பணம், யூனிஃபார்ம் டெபாசிட், மெடிக்கல் கட்டணம், 'சேர்ந்த பிறகு திருப்பித் தருவோம்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்தான். பெரிய கம்பெனியின் பெயரில் ஆஃபர் லெட்டர் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் அது ஆஃபர் லெட்டரே இல்லை. உண்மையிலேயே உள்ளே சேர்த்துவிட்டாலும், பெரும்பாலும் அது லேபர் கான்ட்ராக்டரின் பட்டியலில்தான் இருக்கும். கம்பெனியின் பெயர் வாசல் பலகையில் மட்டும் இருக்கும், தம்பியின் சம்பளச் சீட்டில் இருக்காது. அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

இப்போதைக்கு உங்கள் பெரிய பிரச்சினை அந்த இரண்டு அரியர்தான். கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது' என்ற ஒரு வரியிலேயே பாதிப் பேரைக் கழித்துவிடுகின்றன. முன்பு இருந்து எழுதி முடித்த அரியரைப் பல நிறுவனங்கள் மன்னிக்கும், நிலுவையில் இருப்பதை மன்னிக்காது. பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் அரசுத் தேர்வுகளிலும் இதே அரியர்தான் குறுக்கே நிற்கும்.

அரியரைக் கணக்குப் போட்டுப் படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதமாவது வேண்டும். தம்பியின் இன்டர்னல் 20 என்றால் செமஸ்டரில் 60-க்கு 30 தேவை, அதாவது வினாத்தாளில் 100-க்கு 50. இன்டர்னல் 15 என்றால் 60-க்கு 35, வினாத்தாளில் 58-க்கு மேல். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அவர்களுடைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாளில் 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் ஐந்து, 15 மதிப்பெண் ஒன்று. அரியர் வைப்பவர்களில் நிறையப் பேர் செய்யும் தவறு, 2 மதிப்பெண் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போவது. அதில் முழுதாகக் கிடைத்தாலும் 20தான். ஐந்து யூனிட்டில் மூன்றை முழுதாக, கணக்குகளோடு போட்டுப் பழகினால் 13 மதிப்பெண் கேள்வி மூன்று உறுதி, 39. அதோடு சிறு கேள்விகளில் 14 வந்தாலே 53. நவம்பர்-டிசம்பர் தேர்வில் இரண்டையும் முடித்துவிட்டால் கடைசி செமஸ்டரில் வரும் கோர் நிறுவனங்களுக்கு, அதாவது மெக்கானிக்கல் துறைக் கம்பெனிகளுக்கு, தகுதி வந்துவிடும். ஏப்ரல்-மே வரை தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அடுத்தது, எல்லோரும் அலட்சியமாக விடும் விஷயம்: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கே. அருண்' என்றிருக்கும், ஆதாரில் 'அருண் கே', பான் கார்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு 'அருண் குமாரசாமி', வங்கிக் கணக்கில் வெறும் 'அருண்'. வேலை கிடைத்த பிறகு சரிபார்ப்பில் இவை நான்கும் நான்கு ஆட்களாகத் தெரியும், சேரும் தேதி தள்ளிப்போகும், பிஎஃப் கணக்கும் சிக்கலாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற மூன்றையும் இப்போதே திருத்துங்கள். பிறந்த தேதியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, படிப்பு முடியும்போது தம்பிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு வருவோம். மெக்கானிக்கல் படித்துவிட்டு மூன்று மாத சாஃப்ட்வேர் கோர்ஸுக்கு ஓடுபவர்கள் நிறைய. தம்பிக்குக் கோடிங்கில் உண்மையான ஆசை இருந்தால் தாராளமாகப் போகட்டும். 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்ற பலகையை நம்பி மட்டும் போக வேண்டாம். ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர், கோவை என்று இயந்திரம் ஓடும் ஊர்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே நேர்முகத் தேர்வில் கேட்கப்படுபவை எளிமையானவை, அதனாலேயே பலர் தடுமாறுகிறார்கள். வெர்னியர் அளவுகோலின் லீஸ்ட் கவுன்ட் (அது அளக்கும் மிகச் சிறிய அளவு) எவ்வளவு? சாதாரணமாக 0.02 மி.மீ. மைக்ரோமீட்டருக்கு? 0.01. எம்10 போல்ட்டுக்கு டேப் போட (துளைக்குள் மரை வெட்ட) எந்த டிரில்? பிட்ச் (மரை இடைவெளி) 1.5, ஆகவே 8.5 மி.மீ. டிராயிங்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறைக்கும் தேர்ட் ஆங்கிள் முறைக்கும் என்ன வித்தியாசம்? ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, 'எச்7 என்று போட்டிருக்கிறதே, என்ன அர்த்தம்?' என்பார்கள் (துளையின் அளவு எவ்வளவு கூடலாம் என்பதன் குறியீடு அது). ஐந்து மென்பொருள் பெயரை ரெஸ்யூமில் எழுதியவர் இங்கே விழுந்துவிடுகிறார். கல்லூரிப் பட்டறையில் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் எடுத்து, தினம் பத்துப் பொருளை அளந்து எழுதச் சொல்லுங்கள். கூடவே ஒரே ஒரு வரைபட மென்பொருளை நன்றாகப் பழகட்டும், போதும்.

ரெஸ்யூம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்' போன்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. புராஜெக்ட்டைப் பற்றி எழுதும்போது என்ன செய்தார், எந்தப் பொருளில், எந்த அளவில், அதில் எது சரியாக வரவில்லை என்று இரண்டு வரி போதும். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

விண்ணப்பிப்பதில் பலருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது: பெரிய வேலைத் தளங்களில் நூறு இடத்தில் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். புதிதாகப் படித்து வருபவருக்கு அந்த வழியில் பதில் வருவது அரிது. கோவையில் கொடிசியா, ஓசூரில் ஹோஸ்டியா, அம்பத்தூரில் ஐமா என்று தொழிலதிபர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் உறுப்பினர் பட்டியலை எடுத்து, ஐம்பது முதல் முந்நூறு பேர் வேலை செய்யும் கம்பெனிகளாக நாற்பதைக் குறித்துக்கொண்டு, வாரம் பத்துப் பேருக்குத் தனித்தனியாக மெயில் அனுப்பட்டும். அந்தக் கம்பெனி என்ன பொருள் செய்கிறது என்று மெயிலின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே மெயில் போனால் குப்பைக்குத்தான் போகும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். சென்னை வர்த்தக மையத்தில் ஐமா நடத்தும் ஆக்மி இயந்திரக் கண்காட்சி வரும்போது தம்பியை ஒரு நாள் அனுப்புங்கள். கதவைத் தட்ட வேண்டிய ஆட்கள் அங்கே ஸ்டாலில் நின்று கொண்டிருப்பார்கள். தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிவு செய்துவைக்கலாம்.

வேலை தாமதமானால் சும்மா வீட்டில் இருக்க வேண்டாம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு, தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்றவை இந்த வழியாக ஆள் எடுக்கின்றன. பெரும்பாலும் தனித் தேர்வு கிடையாது, பட்டப் படிப்பின் மதிப்பெண்தான் அடிப்படை, ஆகவே அங்கேயும் அரியர் முடிந்திருக்க வேண்டும். மாத உதவித்தொகை உண்டு, முடிவில் சான்றிதழும் உண்டு. அங்கேயே நிரந்தரமாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள், சட்டம் அப்படி எந்த உறுதியும் தரவில்லை. ஆனால் அடுத்த இன்டர்வியூவில் 'ஒரு வருடம் என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

ஆஃபர் வந்ததும் சம்பளக் கணக்கில் ஏமாறாதீர்கள். ஆண்டுக்கு 3 லட்சம் சிடிசி (கம்பெனி ஓர் ஆளுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 25,000 கைக்கு வராது. மாத அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் 1,500, தம்பியின் பங்கு 1,500, கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) ஏறக்குறைய 600. இவை போக 21,400, அதிலும் தொழில் வரி, இன்சூரன்ஸ், கேன்டீன் பிடித்தம் இருக்கும். 'வேரியபிள்' என்ற பெயரில், வேலையின் செயல்பாட்டைப் பொறுத்து மாறும் ஒரு தொகை இருந்தால் இன்னும் குறையும். பாண்ட் இருந்தால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து போடட்டும்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்த செய்தியை நவம்பர் தேர்வு முடியும்வரை சாப்பாட்டு வேளையில் பேசாமல் இருங்கள். இந்த ஞாயிறு, தம்பியோடு உட்கார்ந்து அந்த இரண்டு பாடங்களின் இன்டர்னல் மதிப்பெண்ணைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் இன்னும் எத்தனை வேண்டும் என்ற எண்ணை அதன் அருகில் தம்பியின் கையாலேயே எழுத வையுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.