உயிரியல் வகுப்பும் விசுவாசமும்: கேள்வி - பதில்

கத்தோலிக்கப் பள்ளிகளில் உயிரியல் நடத்துகிறவர்களும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

பத்தாம் வகுப்பில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' நடத்தும்போது ஒரு மாணவி, "வேதத்தின் தொடக்க நூலில் கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று இருக்கிறதே, டீச்சர்?" என்றாள். "பரீட்சைக்குப் படி, மற்றதை விடு" என்றேன். சரிதானா?
*ஆசிரியை, திண்டுக்கல்*

சரியில்லை, டீச்சர். பாடம் பொய், இல்லையென்றால் வேதம் பொய், டீச்சர் எதையோ மறைக்கிறார் என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டிருப்பாள். மறைக்க இங்கே ஒன்றுமே இல்லை. மனித உடலின் பரிணாமத்தை அறிஞர்கள் ஆராய்வதற்குத் தடையில்லை என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1950இலேயே தமது சுற்றுமடலில் எழுதிவிட்டார். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று 1996இல் 2ஆம் ஜான் பால் சொன்னார். ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவையும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதில்தான் திருச்சபை உறுதியாக நிற்கிறது. ஆன்மாவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் அதை நிரூபிப்பதும் மறுப்பதும் நம் பாடவேளையின் வேலையே அல்ல.

அந்த மாணவியைத் தொடக்க நூலின் முதல் அதிகாரத்தையே திறக்கச் சொல்லுங்கள். சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அப்படியென்றால் முதல் மூன்று நாளும் மாலையும் காலையும் எப்படி வந்தன? அதை எழுதியவர் நாள்காட்டி எழுதவில்லை என்பது அவளுக்கே புரிந்துவிடும். இயற்கையைப் பற்றித் தெரியாமல் வேதத்தின் பெயரால் பேசி, விசுவாசத்தைக் கேலிக்கு ஆளாக்காதீர்கள் என்று புனித அகுஸ்தினார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்திருக்கிறார்.

ஆகவே மனிதக் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு, ஊர்வனவுக்கும் பறவைக்கும் இடைப்பட்ட புதைபடிவமான ஆர்க்கியாப்டெரிக்ஸ் எல்லாவற்றையும் முழுமனதோடு நடத்துங்கள். "இப்படியும் சிலர் சொல்கிறார்கள்" என்று இழுக்க வேண்டாம். அப்புறம், "குரங்கிலிருந்து மனிதன் வந்தான்" என்று நம் ஆசிரியர் அறைகளிலேயே சொல்கிறார்கள். குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை உண்டு என்பதே பாடம்.

ஏவாளைப் படைக்க ஆதாமின் விலா எலும்பைக் கடவுள் எடுத்ததால் ஆண்களுக்கு ஒன்று குறைவு என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன். உண்மையா சார்?
*ஒன்பதாம் வகுப்பு மாணவன், தூத்துக்குடி*

இல்லை தம்பி. இருவருக்கும் 12 ஜோடிதான். என் வகுப்பிலும் இதே கேள்வி வந்தது. ஆய்வகத்து எலும்புக்கூட்டை நடுவில் நிறுத்தி, ஒரு பையனையே எண்ணச் சொன்னேன். கீழே தொங்கும் இரண்டு ஜோடி மிதக்கும் விலா எலும்புகளை விட்டுவிட்டுப் பத்து என்றான். மறுபடி விரல் வைத்து எண்ணினான், பன்னிரண்டு வந்தது. இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஒருவர் விபத்தில் விரலை இழந்தால் அவர் பிள்ளை விரலில்லாமல் பிறப்பதில்லை. வாழும்போது உடலில் ஏற்படும் இழப்பு மரபணுவில் ஏறாது.

பிளஸ் டூ விலங்கியலில் 'இனப்பெருக்க நலன்' பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகிறோம். அதில் திருச்சபை ஏற்காத விஷயங்கள் இருக்கின்றனவே?
*அருட்சகோதரி, கும்பகோணம்*

தயவுசெய்து விடாதீர்கள், சிஸ்டர். நீங்கள் சொல்லாததை அவர்கள் கைப்பேசியில் தேடிக்கொள்வார்கள். கருத்தடைச் சாதனமான காப்பர் டி எப்படி வேலை செய்கிறது, சோதனைக்குழாய் முறையில் கரு எங்கே உருவாகிறது என்பதையெல்லாம் பாடநூலில் உள்ளபடியே நடத்துங்கள். திருச்சபையின் நிலையை யாராவது கேட்டால் காரணத்தோடு சொல்லுங்கள். குழந்தைப் பேற்றைத் தம்பதியரின் தாம்பத்திய உறவிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது ஒன்று. மிஞ்சும் கருக்கள் உறையவைக்கப்படுகின்றன, அழிக்கப்படுகின்றன என்பது இன்னொன்று. ஆனால் அந்த முறையில் பிறந்த பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். எப்படிப் பிறந்தாலும் ஒவ்வொரு குழந்தையும் கடவுளின் கொடை என்று வத்திக்கானின் 1987ஆம் ஆண்டு ஆவணமே சொல்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கருவைச் சுற்றியுள்ள நீரை எடுத்துச் சோதிக்கும் பனிக்குடத் துளைப்புப் பரிசோதனை வரும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. கரும்பலகையில் கட்டம் போட்டு, பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை எழுதுங்கள். தாய் எக்ஸ் மட்டுமே தர முடியும், ஆண் பிள்ளைக்கு வேண்டிய ஒய் தந்தையிடமிருந்துதான் வர வேண்டும். பெண்ணாய்ப் பெற்றாள் என்று தன் அம்மா ஏச்சு வாங்குவதைப் பார்த்து வளர்ந்த பெண் அந்தக் கட்டத்தைப் பார்க்கும் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

என் வகுப்பில் பாதிக்குமேல் பிற சமயத்துப் பிள்ளைகள். மரபியலின் தந்தை மெண்டல் ஒரு துறவி என்று சொன்னால்கூட மதப் பிரச்சாரம் ஆகுமா?
*ஆசிரியர், நாகர்கோவில்*

ஆகாது, அது வரலாறு. மெண்டல் அகுஸ்தினார் சபைத் துறவி. இன்றைய செக் நாட்டின் பிரனோ நகரில், மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் யாரையும் சமயப் போதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. ஆகவே செபமும் மறைக்கல்வியும் அவற்றுக்கான நேரத்தில் நடக்கட்டும்.

மைட்டோகாண்ட்ரிய ஏவாள்தான் வேதத்து ஏவாளா?
*பிளஸ் ஒன் மாணவி, சென்னை*

இல்லை. செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவதால், இன்றுள்ள எல்லோருடைய தாய்வழியும் போய்ச் சேரும் ஒரு பெண்ணுக்கு வைத்த பெயர் அது. அவள் காலத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள்.

அப்படியென்றால் கத்தோலிக்கப் பார்வையில் உயிரியல் நடத்துவது என்று தனியாக என்னதான் இருக்கிறது?
*புதிய ஆசிரியை, மதுரை*

நிதானமாகப் பார்க்கப் பழக்குவது என்பேன். படைப்பைக் கடவுளின் கைவேலை என்று நம்புகிறவர் அதை அரைகுறையாகப் பார்க்க மாட்டார். இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ திருச்சியில் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தை உருவாக்கி, தமிழகத் தாவரங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்துப் பதிவு செய்தார். கொடைக்கானல் போனால் செண்பகனூர் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுவும் இயேசு சபையினர் 1895இல் தொடங்கியதுதான்.

அதற்கெல்லாம் வசதியில்லையா? பள்ளித் தோட்டத்து ரியோ செடியின் இலை போதும். ஊதா நிற அடித்தோலை மெல்லிசாக உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் வையுங்கள். ஊதாவுக்கு நடுவே பச்சையாக, அவரை விதை போல, இலைத்துளையைச் சூழ்ந்திருக்கும் இரண்டிரண்டு காப்புச் செல்கள் தெரியும். நாற்பது பேருக்கும் காட்ட ஒரு பாடவேளை முழுக்க ஆகும். ஆகட்டும்.