ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியின் நிரலில் சில வரிகளை அழிக்காமல் நிறுத்தி வைப்பது எப்படி?

வரியின் தொடக்கத்தில் # போட்டால் போதும்; அந்த வரியை ஆர் தாண்டிப் போய்விடும். பல வரிகளுக்கென்று தனிக் குறி ஆரில் கிடையாது. ஆர் நிரல் எழுத உதவும் மென்பொருளான ஆர்ஸ்டுடியோவில் வரிகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லா வரிக்கும் # வந்துவிடும், மறுபடி அழுத்தினால் போய்விடும்.

பலர் சிக்குவது வேறு இடத்தில். ஆரில் வரைபடம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்டில் (ggplot2) கட்டளைகளை + போட்டு அடுத்தடுத்த வரிகளில் கோப்போம் இல்லையா? கடைசி வரியை மட்டும் # போட்டு நிறுத்தினால், அதற்கு முந்தைய வரியின் முடிவில் இருக்கும் + அப்படியே தொங்கும். கட்டளை இன்னும் முடியவில்லை என்று நினைத்து ஆர் அடுத்த கட்டளையையும் இதோடு சேர்த்துப் படிக்கும். பிழைச் செய்தி எங்கோ கீழே காட்டும். நாம் அங்கேயே தேடிக்கொண்டிருப்போம். அதனால் அந்த + குறியையும் # போட்டு மறையுங்கள். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் குறிக்கும் (%>% அல்லது |>) இதே கதைதான்.

ஆருக்குப் பதில் ஸ்டேட்டா (Stata) என்ற புள்ளியியல் மென்பொருள் என்றால் வரித் தொடக்கத்தில் * போடலாம். சாஸ் (SAS) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் * போட்டால் முதல் அரைப்புள்ளி வரை மட்டுமே மறையும், வரி முடிவு வரை அல்ல. அங்கே பெரிய பகுதிக்கு /* */ நல்லது, ஆனால் ஒன்றுக்குள் இன்னொன்றை வைக்காதீர்கள். முதல் */ வந்ததுமே மறைப்பு முடிந்து, மீதி வரிகள் ஓடத் தொடங்கிவிடும்.