குறி மாற்றியும் சமன்பாட்டில் விடை ஏன் தப்பாக வருகிறது?

சென்னை ஆட்டோ மீட்டருக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12. (அந்த ரேட்டுக்கு யார் வந்தார்கள் என்பது வேறு கதை.) மீட்டர் 85 காட்டினால் தூரம் 'க' எவ்வளவு? காத்திருப்புக் கட்டணம் இல்லை.

25 + 12(க − 1.8) = 85

இருபுறமும் 25ஐக் கழியுங்கள்: 12(க − 1.8) = 60. 12ஆல் வகுத்தால் க − 1.8 = 5. இனி 1.8ஐக் கூட்டினால் க = 6.8 கி.மீ.

நிறைய பேர் சறுக்குவது முதல் வரியிலேயே. 25ஐயும் 12ஐயும் கூட்டி 37(க − 1.8) என்று எழுதிவிடுவார்கள். 12 அடைப்புக்குறியோடு பெருக்கலில் ஒட்டியிருக்கிறது, அதைப் பிரித்து 25உடன் சேர்க்க முடியாது. அப்படிச் செய்தால் சுமார் 4.1 வரும், திரும்பப் போட்டுப் பாருங்கள், 85 வராது, 52.60தான்.

அடுத்தது, "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற மனப்பாடம். அது கூட்டல் கழித்தலுக்கு மட்டும். பெருக்கும் 12 அந்தப் பக்கம் போனால் −12 ஆகாது, வகுக்கும் எண்ணாகும். அடைப்பை விரிக்கிறீர்களா? 1.8ஐயும் 12ஆல் பெருக்குங்கள்: 12க − 21.6.