ஆறு எங்கே போயிற்று?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் கோடைக்கால வகுப்புக்குப் போகிறார்கள். அபாகஸ், கையெழுத்து, ஆளுமை வளர்ச்சி என்று ஏதேதோ இருக்கிறது. இருவருக்கும் கட்டணம் கட்ட எங்களால் முடியவில்லை. நாள் முழுவதும் வீட்டில் ரகளை. வடகம் பிழிந்தால் காய்வதற்குள் தின்றுவிடுகிறார்கள். மாங்கொட்டைக்கு அடித்துக்கொள்கிறார்கள். மதியம் தூங்குவதில்லை. படித்துறைக்கு அழைத்துப் போனால், "ஆறு எங்கே போயிற்று?" என்று சின்னவள் உயிரை எடுக்கிறாள். கைபேசியைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டுப் பிறகு நானே அழுகிறேன். பிள்ளைகளின் விடுமுறையை வீணாக்குகிறேனா? (பெயர் வேண்டாம், திருவையாறு)

பதில்: உங்கள் கடிதத்தில் 'வீண்' என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. இடம் போதாமல் மூன்றை வெட்டிவிட்டேன். 'கணவர்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அதைப் பிறகு கவனிக்கிறேன்.

முதலில் அந்த வகுப்பு. ஏழு வயதுப் பையன் அபாகஸ் கற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; கற்காமல் இருப்பதிலும் இல்லை. ஆனால் நான்கு வயதுப் பெண்ணுக்கு ஆளுமை வளர்ச்சியா? ஆறு எங்கே போயிற்று என்று கேட்டு உங்களை இந்தப் பாடு படுத்துகிறவளுக்கு ஆளுமையில் என்ன குறை கண்டீர்கள்? கட்டணம் கட்ட முடியவில்லை என்று கூனிக் குறுகி எழுதியிருக்கிறீர்கள். மிச்சமான பணத்தில் மாம்பழம் வாங்குங்கள்.

மாம்பழம் என்றதும் கொட்டை வந்துவிடுகிறது. நாங்கள் வீட்டில் மூன்று பேர். பழத்துக்குக் கதுப்பு இரண்டு, கொட்டை ஒன்று. மூன்று பேருக்கு மூன்று பங்கு, கணக்கு சரிதான். கதுப்பு கிடைத்தவனுக்குத்தான் சதை அதிகம், ஆனாலும் ஒருவனுக்கும் கதுப்பு வேண்டாம். கொட்டையைப் பிடித்துச் சப்பி, நார் வெளுத்து, முழங்கை வரை சாறு ஒழுகி, அதை நக்கி, பிறகு கொல்லையில் புதைத்து, நாளைக்கே முளைக்கும் என்று தண்ணீர் ஊற்றுகிற சுகம் கதுப்பில் ஏது? நாள்காட்டியில் ஒரு நாளுக்கு ஒரு பெயர் எழுதிவைத்தார் எங்கள் பாட்டி. அதன் பிறகு கொட்டைக்குச் சண்டை வரவில்லை. நாள்காட்டியைத் திருத்தியது யார் என்று சண்டை வந்தது. உங்கள் பையனுக்கு எழுதத் தெரியும். அவனையே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து வகுப்பும் முடிந்தது.

வடகத்துக்கு வருகிறேன். இந்தக் குற்றத்தில் எனக்கும் பழைய பங்கு உண்டு என்பதால் நடுநிலையாகப் பேச முடியாது. விடியற்காலையில் கூழ் கிளறி, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில் நாழியால் பிழிந்துவிட்டு நீங்கள் இறங்கி வருகிறீர்கள். பதினொரு மணிக்கு அது ஒரு பதத்துக்கு வரும். மேலே மெல்லிய தோல் கட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே இன்னும் கூழ். பச்சை மிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சையும் வெயிலில் ஒன்றாகச் சூடேறிய அந்த ருசி, எண்ணெயில் பொரித்த வடகத்துக்கு ஒருநாளும் வராது. காக்கை விரட்ட உங்கள் பிள்ளைகளை நீங்களேதான் காவல் வைத்திருப்பீர்கள். காவலாளிக்குக் கூலி வேண்டாமா? வேட்டியின் ஓரத்தில் இரண்டு வரிசை அவர்களுக்கென்றே பிழிந்துவிடுங்கள். திருட்டு நிற்காது, கொஞ்சம் குறையும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும் வேலையைச் சின்னவளிடம் கொடுங்கள். பாதி உடையும். உடைந்த வடகத்தைக் குழம்பில் போட்டால் ஆயிற்று.

கைபேசிக்காக நீங்கள் அழ வேண்டியதில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. குறைந்தால் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னது. கத்திரி வெயிலில் சமையலை முடித்துவிட்டு, ஒரு தாய் இருபது நிமிடம் கண்ணை மூடினால் குடி முழுகிவிடாது. பிள்ளைகள் தூங்காவிட்டால் போகட்டும், நீங்கள் தூங்குங்கள்.

இனி அந்தக் கேள்வி. "உயிரை எடுக்கிறாள்" என்கிறீர்கள். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளை வைத்துப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு, ஒரு குழந்தை ஆற்றைக் காணோம் என்கிறாள். இதைவிட நியாயமான கேள்வி இந்தப் பக்கத்துக்கு வந்து நாளாயிற்று. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. "சும்மா இரு" என்றிருப்பீர்கள்.

அவளுக்குச் சொல்லுங்கள்: ஆறு மேட்டூரில் இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்த அணை அது, முழுக் கொள்ளளவுக்கு 120 அடி. பாசனத்துக்கு விடும் தண்ணீரை ஜனவரி 28-ல் நிறுத்துவதும் ஜூன் 12-ல் திறப்பதும் வழக்கம். நடுவில் உள்ள நான்கரை மாதம் நமக்கு மணல்தான். வழக்கம் என்றுதான் சொல்ல முடியும், வாக்குறுதி என்று சொல்ல முடியாது. 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-ல் ஜூலை கடைசி வரை காத்திருக்க வைத்தார்கள். இதைப் பெரியவனுக்குச் சொல்லுங்கள், தேதி அவனுக்குப் புரியும்.

சின்னவளுக்குத் தரையில் காட்டுங்கள். மதியம் கூடத்துச் சிமெண்டுத் தரையில் கோலமாவால் ஒரு கோடு. சமையலறை வாசற்படி மேட்டூர். கூடத்தின் நடுவே முக்கொம்பு. அங்கே கொள்ளிடம் பிரியும். அதைத் தாண்டிக் கல்லணை; அங்கிருந்து காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும். பிறகு உங்கள் ஊரின் மற்ற ஆறுகளையும் பிரித்து, எல்லாவற்றையும் கொல்லைப்புறம் வரை இழுத்துவிடுங்கள். கொல்லைதான் கடல். வாசற்படியில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகச் சரியுங்கள். தரை நனையும், கோலமாவு கரையும், காவிரி கட்டிலுக்கு அடியில் போகும். போகட்டும், வெயிலுக்குத் தரை குளிரும். அந்தத் தண்ணீரின் முனையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தூசியையும் தலைமுடியையும் ஓர் எறும்பையும் உருட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கி, பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரம்பி, மறுபடி நகரும்.

ஆறு வருவதும் அப்படித்தான். நான் குடமுருட்டிக் கரையில் வளர்ந்தவன். கோடையில் எங்களுக்கு ஆறு என்றால் மணலில் கையால் தோண்டுகிற ஊற்று. முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாகும், பிறகு கலங்கலாகச் சுரக்கும், பொறுத்திருந்தால் தெளியும். புதுத்தண்ணீர் வருகிற அன்று இரைச்சலை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். வந்தது ஒரு பழுப்பு நுரைக் கோடு. அதன் முன்னால் சருகு, குச்சி, ஒற்றைச் செருப்பு. நடந்து போகிற கிழவரைவிட மெதுவாக வந்தது. மணல் அதைக் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. எங்கள் ஊற்றுக் குழியை அது நிரப்பிவிட்டுப் போனபோது தம்பி அழுதான். பெரியவர்கள் பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இப்போதும் அந்த மணலில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தண்ணீர் வந்த பிறகு கண்ணுக்கும் தெரியாது. அணை திறந்த செய்தி வந்துவிட்டால் படித்துறையோடு சரி.

இப்போது கடிதத்தில் இல்லாத அந்த மனிதர். வெளியூரில் இருக்கிறாரா, உள்ளூரில் இருந்தே இல்லாமல் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. வெளியூர் என்றால் வருகிற அன்று, உள்ளூர் என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒரு குலை நுங்கு வாங்கி வரட்டும். தின்றது போக மிஞ்சும் காய்களில் இரண்டை எடுத்து, நடுவே ஒரு குச்சியைச் செருகி, கவைக்கொம்பு ஒன்றை வெட்டி வண்டி செய்து கொடுக்கட்டும். டெல்டாக்காரர் என்றால் அவருக்குக் கட்டாயம் தெரியும். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வண்டி. இல்லாவிட்டால் மாங்கொட்டைக் கதைதான்.

மேட்டூர் திறந்து மூன்று நாள் வாக்கில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். கல்லணையைத் திறந்த செய்தி கேட்டதும் அவர் ஒருநாள் விடுப்பு எடுக்க வேண்டும். அநேகமாகப் பள்ளி திறந்திருக்கும். பிள்ளைகள் முதல் மணி தவறிப் போனால் ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். படித்துறையில் சின்னவளின் கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். கேள்விக்கும் அன்றைக்கு அவரே பதில் சொல்லட்டும்.