எர்த் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறது: வாசகர் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. மாடி அறையில் நானே கோத்த சின்ன சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் சொல்படி செதுக்குவது) மரப் பெயர்ப்பலகைகள் செதுக்குகிறேன். ஃப்ரேமில் கை பட்டால் சுறுசுறுவென்று இருக்கிறது, டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. செருப்பு போட்டால் ஒன்றும் தெரியவில்லை. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற 36 வோல்ட் பவர் சப்ளையை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, புதிதாக மாற்றியும் அதேதான். என்ன கோளாறு?
– வாசகர், தண்டையார்பேட்டை

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீதியைப் படியுங்கள். செருப்பை நம்பி ஓட்டாதீர்கள்.

உங்கள் பழைய எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தகரப் பெட்டிக்குள் பேஸிலிருந்து பாடிக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்றுமாகச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும், மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவதற்காக வேண்டுமென்றே வைத்தவை. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடி இரண்டுக்கும் நடுவில் தொங்கும், அதாவது 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115. கசிவு ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு என்பதால் சுறுசுறுப்போடு நிற்கிறது. புது எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதே கெபாசிட்டர்கள் இருப்பதால் அதே சுறுசுறுப்பு. ஆனால் உள்ளே ஒரு பேஸ் வயர் உரசி இன்சுலேஷன் போகிற நாளில் அதே வழியில் முழு 230-ம் வரும், அப்போது அது சுறுசுறுப்பாக இருக்காது.

ஆக, கோளாறு மெஷினில் இல்லை, சுவரில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டிருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். மூன்று ஓட்டை வைத்துவிட்டு உள்ளே இரண்டு வயர் மட்டும் ஓடுகிற பெட்டிகள் கடைகளில் சர்வசாதாரணம். அது சரியாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றுங்கள். மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பச்சை வயர் வருகிறதா, வந்தால் அது மீட்டர் போர்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, மல்டிமீட்டர். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் 230 காட்டுகிறதே, எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மீட்டர் இழுக்கிற கரண்ட் அவ்வளவு குறைவு என்பதால் துருப்பிடித்து நூலிழையில் தொங்குகிற எர்த்தும் அதற்கு நல்ல எர்த்தாகத் தெரியும். அதனால்தான் பழைய வயர்மேன்கள் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டுப் பார்ப்பார்கள்: பளிச்சென்று எரிந்தால் எர்த் கரண்டைத் தாங்குகிறது, மங்கலாக எரிந்தால் பெயருக்குத்தான் எர்த். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ஸ்விட்ச்) இருந்தால் பல்பைப் போட்டதுமே அது விழுந்துவிடும், விழவும் வேண்டும். இந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம், லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது ஏமாற்றம் இன்னும் மோசம். பச்சை வயரே இல்லாத வீட்டில் சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போவார்கள். சுறுசுறுப்பு நின்றுவிடும், பல்பும் பளிச்சென்று எரியும், எல்லோருக்கும் திருப்தி. நான் முன்பு பெரம்பூர் பக்கம் குடியிருந்த வீட்டில் இப்படித்தான் இருந்தது, எனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் போர்டில் நியூட்ரல் லூசாகிக் கழன்றது. ஃபேன் நின்றது, லைட் போனது, கரண்ட் கட் என்று நினைத்து டிரில் ஸ்டாண்டில் கை வைத்த நண்பனைத் தூக்கிப் போட்டது. நியூட்ரல் அறுந்ததும் மேலே இருக்கிற பேஸ், ஓடிக்கொண்டிருந்த சாமான்கள் வழியாக அந்தத் துண்டு வயருக்கு வந்து, அங்கிருந்து பாடிக்கு வந்துவிட்டது. அவன் பிழைத்தான், ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் சாக்கெட்டில் அந்தத் துண்டு இருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். வீட்டுக்காரரிடம் மெஷினுக்காக என்று கேட்காதீர்கள், கீசர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் இதே எர்த்தை நம்பித்தான் ஓடுகின்றன என்று சொல்லுங்கள். பேச்சு சுலபமாக முடியும்.

எண்ணூரில் சொந்த வீடு, பின்பக்கம் மண்தரை. மெஷினுக்கென்று தனியாக ஒரு செம்புக் கம்பியை மண்ணில் அடித்து பாடியில் இணைத்துவிட்டால் போதுமா?
– வாசகர், எண்ணூர்

போதாது, கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வைத்துக்கொள்வோம், ஒற்றைக் கம்பிக்கு அது நல்ல எண்தான். பேஸ் பாடியில் பட்டால் ஓடுகிற கரண்ட் 230 வகுத்தல் 10, அதாவது அதிகபட்சம் 23 ஆம்பியர். உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழுகிற ஸ்விட்ச்) சி வகையாக இருந்தால் உடனே விழுவதற்கு 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 23-க்கு அது சூடாகிச் சூடாகி, விழ ஒரு மணி நேரம்கூட எடுக்கும். அதுவரை மெஷின் பாடி உயிரோடு இருக்கும்.

இந்த இடத்தைக் காப்பாற்றுவது 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும், வித்தியாசம் வந்தால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வெட்டிவிடும். எர்த் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே வெட்டும், இல்லையென்றால் நீங்கள் தொட்ட பிறகு உங்கள் வழியாகப் போகிற கரண்டைப் பார்த்து வெட்டும். அதனால் இரண்டும் வேண்டும். கம்பி அடித்தீர்களானால் அதை வீட்டு எர்த்தோடு சேர்த்துவிடுங்கள், தனியாக விடாதீர்கள். விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற பெட்டி) ஓட்டுபவர்கள் ஏசி வகை ஆர்சிசிபியைத் தவிர்த்துவிடுங்கள், குறைந்தது ஏ வகை. விஎஃப்டி கையேடு எந்த வகை கேட்கிறதோ அதுவே கடைசி வார்த்தை.

கடலோர மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் கரண்டை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் அதே உப்பு கிளாம்பைத் தின்றுவிடும். 2.5 மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் புதைத்த குழியில் செம்பு வயரை அப்படியே பைப்பில் சுற்றிவிடுவதைப் பார்க்கிறேன். செம்பும் துத்தநாகமும் உப்புக்காற்றில் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரைந்துவிடும். வெள்ளீயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டுகிற வளையம்) போட்டு போல்ட்டில் இறுக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

2.2 கிலோவாட் வாட்டர்கூல் ஸ்பிண்டில் (செதுக்குகிற பிட்டைச் சுழற்றும் மோட்டார்), விஎஃப்டி. ஸ்பிண்டில் ஓடாதபோது எல்லாம் சரி. ஓட ஆரம்பித்ததும் எங்கேயும் இடிக்காமலேயே லிமிட் ஸ்விட்ச் (ஓரம் வந்ததும் மெஷினை நிறுத்துவது) அலாரம் வருகிறது, சில நேரம் லேப்டாப்பில் யுஎஸ்பி துண்டிக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் வளையங்கள் வாங்கி மாட்டியும் பயனில்லை.
– வாசகர், வியாசர்பாடி

ஃபெரைட் கடைசியில் வர வேண்டியது. விஎஃப்டி மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 400 ஹெர்ட்ஸ் செய்கிறது, அந்த வெட்டு ஒவ்வொன்றும் ஸ்பிண்டில் கேபிளை ஆன்டெனாவாக்குகிறது. அந்த இரைச்சல் விஎஃப்டிக்குத் திரும்ப ஒரு நல்ல வழி கேட்கும், கொடுக்காவிட்டால் உங்கள் லிமிட் ஸ்விட்ச் வயர் வழியாகப் போகும்.

மெயினை அணைத்து, ஸ்பிண்டில் தலையில் இருக்கிற நான்கு பின் கனெக்டரைக் கழற்றுங்கள். நான்காவது பின்னுக்கும் ஸ்பிண்டிலின் இரும்பு உடலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பாருங்கள். பல சீன ஸ்பிண்டில்களில் சத்தம் வராது, அந்தப் பின் உள்ளே எதிலும் இணைக்காமல் சும்மா நிற்கும். அப்படியானால் பின்னை உள்ளே உடலோடு இணைக்க வேண்டும், அல்லது ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கிற கிளாம்ப் போல்ட்டில் லக் போட்டு விஎஃப்டியின் எர்த் முனைக்கு வயர் இழுக்க வேண்டும். அதற்கு முன் கிளாம்ப்புக்கும் உடலுக்கும் பீப் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு உள்ள நான்கு கோர் கேபிள்தான், அந்த ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள். லிமிட் ஸ்விட்ச் கேபிளின் ஷீல்டை மட்டும் கன்ட்ரோலர் பக்கத்தில் ஒரே முனையில் இணையுங்கள், இரண்டு முனையிலும் கட்டினால் அந்த ஷீல்டு வழியாகவே வேண்டாத கரண்ட் சுற்றிவரும்.

ஃப்ரேம் முழுக்க ஒரே உலோகம்தானே என்று நினைக்காதீர்கள். அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் மேல் இருக்கிற அனோடைஸ் பூச்சு கரண்டைக் கடத்தாது, கான்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கி நகர்கிற குறுக்குச் சட்டம்) ஓடுகிற வி சக்கரங்கள் பிளாஸ்டிக். எர்த் லக் வைக்கிற இடத்தைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். கான்ட்ரிக்கும் ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்துகிற இசட் தட்டுக்கும் தனித்தனி வயர். ஃப்ரேம், விஎஃப்டி, எஸ்எம்பிஎஸ், பெட்டியின் பாடி எல்லாவற்றின் பச்சை வயரும் ஒரே போல்ட்டில் வந்து சேர வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலி போடக்கூடாது. அந்தப் போல்ட்டிலிருந்து சுவருக்கு ஒரு வயர்.

அப்புறம், ஸ்பிண்டில் கேபிளும் லிமிட் வயரும் ஒரே டிராக் செயினில் ஒட்டிக்கொண்டு போனால் பிரித்துவிடுங்கள். லிமிட் ஸ்விட்சை 5 வோல்ட்டில் நேராக விடாமல் 12 அல்லது 24 வோல்ட்டில் ஆப்டோ (சிக்னலை ஒளியாக மட்டும் கடத்துகிற பாகம்) வழியாகக் கொண்டு வாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் யுஎஸ்பி விட்டுப்போனால் கேபிளைக் குட்டையாக்கி, உங்கள் ஃபெரைட்டை மாட்டுங்கள்.

மேலே சொன்ன மாதிரி மெஷினுக்கு எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்? 16 ஆம்பியர் பவர் பிளக் போதுமா?
– வாசகர், திருவொற்றியூர்

ஸ்பிண்டில் 2.2 கிலோவாட் என்றாலும், ஒற்றை பேஸில் ஓடுகிற அந்த விஎஃப்டி முழுச்சுமையில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். அதனால் பவர் பிளக் வேண்டாம், போர்டிலிருந்து நேராக 4 ஸ்கொயர் செம்பு வயர், 25 ஆம்பியர் எம்சிபி. எர்த் வயரும் அதே 4 ஸ்கொயர், மெல்லிசாக்காதீர்கள். வீட்டுக்கு ஈ.பி.யில் வாங்கியிருக்கிற லோடையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் இருக்கிற குட்டி மெஷினுக்கு 1 ஸ்கொயர் மூன்று கோர் தாராளம். வயர் முனையில் ஈயம் வைத்து ஸ்க்ரூவில் இறுக்காதீர்கள், ஈயம் நாளடைவில் அமுங்கி லூசாகிச் சூடாகும். ஃபெரூல் (வயர் முனையில் போடுகிற சின்ன உலோகக் குழல்) போட்டு அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள்.

என் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், மாடியில் இப்படி ஒரு மெஷின் கட்டுகிறான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து நான் சரி என்று சொல்வது?
– ஒரு தாய், ராயபுரம்

அம்மா, மூன்றைப் பாருங்கள். போர்டில் டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபி இருக்க வேண்டும், பட்டனை நீங்களே அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். மெஷினின் பிளக்கில் மூன்று பின்னும் இருக்க வேண்டும், பெரிய பின்னை உடைத்திருந்தால் ஓட விடாதீர்கள். அப்புறம், பெட்டியைத் திறக்கும்போது ஸ்விட்சை அணைத்ததும் உடனே கை விடுகிறானா என்று கவனியுங்கள். விஎஃப்டி அணைந்த பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், விளக்கு அணைந்தாலும் மிச்சம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு 10 நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துக் கீழே உட்கார வையுங்கள்.